சிறு குழந்தைகளோடு வால்ட் டிஸ்னி வேர்ல்டு: பயணத்தைத் திட்டமிடுதல்

ராட்டினங்களும் விளையாட்டுக் கடைகளும் கலந்து நிற்கும் பொருட்காட்சித் திடலிலிருந்து தீம் பார்க் எனப்படும் கருப்பொருள் பூங்கா வேறுபடுவதற்குக் காரணம், அதன் ஒவ்வொரு பகுதியும் ஒரு கதையையோ ஒரு நாட்டையோ ஒரு காலத்தையோ மையமாகக் கொண்டு, கட்டடம், இசை, உணவு, ஊழியர் உடை ஆகிய அனைத்தும் அந்த மையத்துக்கு இசையுமாறு அமைக்கப்பட்டிருப்பதே. இந்த வடிவத்தை உலகெங்கும் பரவச் செய்த டிஸ்னிலேண்ட் 1955 ஜூலை 17 அன்று கலிபோர்னியாவின் அனாஹைமில் திறக்கப்பட்டது. அதன் வெற்றிக்குப் பின் வால்ட் டிஸ்னியின் நிறுவனம் புளோரிடா மாநிலத்தில், ஒர்லாண்டோ நகருக்குத் தென்மேற்கே பெரும் நிலப்பரப்பை வாங்கியது. 1966 டிசம்பரில் வால்ட் டிஸ்னி மறைந்துவிடவே, அவருடைய அண்ணன் ராய் டிஸ்னி பொறுப்பேற்றுப் பணியை முடிக்க, 1971 அக்டோபர் 1 அன்று வால்ட் டிஸ்னி வேர்ல்டு பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அன்று மேஜிக் கிங்டம் என்ற ஒரு பூங்கா மட்டுமே இருந்தது. 1982-இல் எப்காட், 1989-இல் இன்று ஹாலிவுட் ஸ்டூடியோஸ் என்று வழங்கும் பூங்கா, 1998-இல் அனிமல் கிங்டம் எனப் பின்னர் மூன்று பூங்காக்கள் சேர்ந்தன. இவற்றோடு இரண்டு நீர்ப் பூங்காக்களும் இருபதுக்கும் மேற்பட்ட விடுதிகளும் ஏறத்தாழ நூறு சதுர கிலோமீட்டர் நிலத்தில் பரவிக் கிடக்கின்றன.

இத்தனை பெரிய இடத்துக்குச் செல்லத் திட்டமிடும் பெற்றோர் வழக்கமாகப் பூங்காவின் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, அதிலுள்ள சவாரிகளையும் காட்சிகளையும் நாட்களுக்குப் பங்கிடத் தொடங்குகின்றனர். வளர்ந்தவர்கள் மட்டும் செல்லும் பயணத்துக்கு அம்முறை பொருந்தும். இரண்டு வயதுக்கும் ஆறு வயதுக்கும் இடைப்பட்ட குழந்தை உடன் வரும்போது, நண்பகலுக்கு முன்பே அந்தத் திட்டம் குலைந்துவிடும். ஏனெனில் அந்த வயதில் நாளின் போக்கை முடிவு செய்பவை பசியும் உறக்கமும் வெயிலும் அச்சமும்தான். எனவே இந்த அத்தியாயம், குழந்தை வீட்டில் எப்போது விழிக்கிறது, எப்போது உண்கிறது, பகலில் எவ்வளவு நேரம் உறங்குகிறது, எதைக் கண்டு ஒதுங்குகிறது என்ற கணக்கை முதலில் எழுதிக்கொண்டு, பூங்காவை அதற்குள் பொருத்தும் முறையை விளக்குகிறது. இம்முறையில் பார்ப்பவற்றின் எண்ணிக்கை நிச்சயமாகக் குறையும். அந்தக் குறைவை வீட்டிலிருந்து கிளம்புவதற்கு முன்பே குடும்பத்தார் அனைவரும் ஒப்புக்கொள்வது நல்லது.

வயதும் உயரமும்

டிஸ்னி பூங்காக்களில் மூன்று வயது நிறையாத குழந்தைக்கு நுழைவுச்சீட்டு தேவையில்லை. மூன்று முதல் ஒன்பது வயது வரை குழந்தைகளுக்கான சீட்டும், பத்து வயது முதல் பெரியவர்களுக்கான சீட்டும் வாங்கவேண்டும். குழந்தைச் சீட்டுக்கும் பெரியவர் சீட்டுக்கும் இடையே விலை வேறுபாடு மிகச் சிறியது என்பதையும், ஒருநாள் சீட்டின் விலை நூறு டாலருக்கு மேல் தொடங்கி, செல்லும் தேதிக்கேற்ப ஏறிக்கொண்டே போகும் என்பதையும் கருதும்போது, மூன்றாவது பிறந்தநாளுக்கு முன் சென்று வருவது செலவைக் குறைக்கும் வழியாகத் தோன்றலாம். ஆனால் மூன்று வயதுக்கு முந்தைய நிகழ்ச்சிகள் பெரும்பாலோருக்கு நினைவில் தங்குவதில்லை. தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வாழ்நாளில் ஒருமுறை என்று எண்ணி, பெருந்தொகை சேர்த்துச் செல்லும் குடும்பம், கடைசிக் குழந்தைக்கு நான்கு அல்லது ஐந்து வயது ஆகும்வரை காத்திருப்பதே சிறந்தது. அமெரிக்காவிலோ கனடாவிலோ வாழ்ந்து, மறுபடியும் வர வாய்ப்புள்ள குடும்பத்துக்கு இந்தக் கட்டாயம் இல்லை. மூத்த குழந்தைக்கு ஏற்ற வயதில் இளைய குழந்தையைச் சீட்டின்றி உடன் அழைத்துச் செல்லலாம்.

வயதைவிடப் பெரிய வரம்பு உயரம். வேகமாகத் திரும்பியும் ஏறி இறங்கியும் ஓடும் சவாரிகளில் பயணியைப் பிடித்து வைக்கும் தடுப்புக் கம்பி ஒரு குறிப்பிட்ட உடலளவுக்கு மேற்பட்டவரையே பத்திரமாகப் பிடிக்கும் என்பதால், அத்தகைய ஒவ்வொரு சவாரிக்கும் குறைந்தபட்ச உயரம் வகுக்கப்பட்டிருக்கிறது. மேஜிக் கிங்டத்தில் சிறுவர்க்கான ரோலர் கோஸ்டரான பார்ன்ஸ்டார்மருக்கு 89 சென்டிமீட்டர், ஏழு குள்ளர்களின் சுரங்க ரயிலுக்கு 97 சென்டிமீட்டர், டியானாவின் நீர்ச்சவாரிக்கு 102 சென்டிமீட்டர், இருளில் ஓடும் ஸ்பேஸ் மவுண்டனுக்கு 112 சென்டிமீட்டர் உயரம் வேண்டும். ஹாலிவுட் ஸ்டூடியோஸில் ஸ்லிங்கி டாக் டேஷுக்கு 97 சென்டிமீட்டரும், அனிமல் கிங்டத்தில் அவதார் உலகின் மேல் பறக்கும் சவாரிக்கு 112 சென்டிமீட்டரும் தேவை. பயணத்துக்கு முன் குழந்தையைப் பூங்காவில் அணியப்போகும் காலணியோடு நிறுத்தி அளந்து, ஏறக்கூடியவை எவை, கூடாதவை எவை என்பதை வீட்டிலேயே பேசி முடித்துவிட வேண்டும். வாயிலில் ஊழியர் அளவுகோலை வைத்துப் பார்த்துத் திருப்பி அனுப்பும்போது குழந்தை அடையும் ஏமாற்றம் மிகக் கடுமையானது. அதை முன்பேச்சு ஒன்றே தவிர்க்கும். காலணிக்குள் அட்டையைச் செருகி உயரத்தைக் கூட்டும் பழக்கம் சிலரிடம் உண்டு. தடுப்புக் கம்பி குழந்தையின் உண்மையான உடலைத்தான் பிடித்தாக வேண்டும் என்பதால் அது உயிரோடு விளையாடும் செயல்.

உயரம் போதாத குழந்தை உடன் இருப்பதால் பெற்றோர் பெரிய சவாரிகளை முற்றிலும் கைவிட வேண்டியதில்லை. ரைடர் சுவிட்ச் எனப்படும் மாற்றுமுறை ஏற்பாட்டில், ஒருவர் சவாரிக்குச் செல்லும்போது மற்றவர் குழந்தையோடு வெளியே இருக்கிறார். முதலாமவர் திரும்பியதும் இரண்டாமவர் பொது வரிசையில் மீண்டும் நிற்காமல் விரைவு வழியில் செல்கிறார். சவாரியின் வாயிலில் உள்ள ஊழியரிடம் முதலிலேயே கேட்டுப் பதிவு செய்துகொள்ளவேண்டும். இதற்குத் தனிக் கட்டணம் இல்லை. உயரம் எட்டிய மூத்த குழந்தை ஒன்று உடன் இருந்தால், அது தந்தையோடு ஒருமுறையும் தாயோடு மறுமுறையும் செல்ல முடியும். ஏழு வயதுக்குட்பட்டவர் எந்தச் சவாரியிலும் பதினான்கு வயதோ அதற்கு மேலோ ஆன ஒருவரோடுதான் ஏறவேண்டும் என்ற விதியும் உள்ளதால், மூன்று குழந்தைகளோடு தாய் மட்டும் செல்வது போன்ற நிலைகளில் இருக்கைக் கணக்கை முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

பருவம், கூட்டம், நேர வேறுபாடு

மத்தியப் புளோரிடாவின் கோடை சென்னைவாசிகளுக்குப் புதியதாக இராது. ஜூன் முதல் செப்டம்பர் வரை பகல் வெப்பம் 33 டிகிரி செல்சியஸை ஒட்டியிருக்கும், காற்றில் ஈரப்பதம் மிகுந்திருக்கும். புதியது, ஏறக்குறைய நாள்தோறும் பிற்பகலில் திரண்டு வரும் இடிமழை. அரபிக்கடலும் வங்கக்கடலும் இருபுறமும் இருக்கும் நம் தீபகற்பத்தைப் போலவே புளோரிடாவுக்கும் இருபுறமும் கடல். இருபக்கத்திலிருந்தும் நுழையும் கடற்காற்று நிலத்தின் நடுவே மோதி மேலெழுவதால் மேகங்கள் விரைவில் கட்டுகின்றன. மின்னல் அணுகும்போது திறந்தவெளிச் சவாரிகள் அனைத்தும் நிறுத்தப்படும். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை சூறாவளிப் பருவம் என்பதால், அந்த மாதங்களில் செல்பவர்கள் பணத்தைத் திரும்பப் பெறும் வசதியுள்ள விமானச்சீட்டையும் விடுதியையும் தேர்ந்தெடுப்பது நல்லது. டிசம்பர் இறுதி முதல் பிப்ரவரி வரை பகல் இதமாக இருந்தாலும், சில விடியற்காலைகளில் வெப்பம் 10 டிகிரிக்கும் கீழே போவதுண்டு. சூடான நாடு என்று எண்ணிப் பருத்திச் சட்டைகளை மட்டும் எடுத்துச் செல்லும் குடும்பங்கள் முதல் நாளே கடையில் குளிராடை தேட நேர்கிறது.

கூட்டத்தைப் பொறுத்தவரை, கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடைப்பட்ட வாரம்தான் ஆண்டின் மிக நெருக்கமான காலம். அதைச் சிறு குழந்தைகளோடு செல்பவர்கள் தவிர்த்தே தீரவேண்டும். மார்ச்சு, ஏப்ரல் மாதங்களில் வரும் வசந்தகாலப் பள்ளி விடுமுறையும், நவம்பர் இறுதியில் வரும் நன்றியறிதல் விடுமுறை வாரமும் அதற்கு அடுத்த நிலையில் உள்ளன. டொராண்டோவில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவும் மார்ச்சுப் பள்ளி விடுமுறையில்தான் புளோரிடாவுக்குக் கிளம்புகின்றன. பிள்ளைகள் இன்னும் ஒன்றாம் வகுப்பை எட்டாத நிலையில் அந்த நெரிசலைத் தேடிப் போக வேண்டியதில்லை. ஆகஸ்டுக் கடைசி முதல் செப்டம்பர் முழுவதும், ஜனவரி பிற்பாதி, டிசம்பர் தொடக்கத்தின் வார நாட்கள் ஆகியவை பொதுவாக நெருக்கம் குறைந்தவை.

இந்தியாவிலிருந்து செல்பவர்களுக்குக் கோடையில் ஒன்பதரை மணி நேரமும் குளிர்காலத்தில் பத்தரை மணி நேரமும் கடிகாரம் பின்செல்கிறது. இதன் விளைவாக முதல் நான்கைந்து நாட்கள் குழந்தை அதிகாலை மூன்று, நான்கு மணிக்கே விழித்துக்கொண்டு, பிற்பகலில் துவண்டு விழும். இதைத் துன்பமாக மட்டும் காண வேண்டியதில்லை. பூங்காவில் வரிசைகள் மிகக் குறுகியவை திறந்த முதல் இரண்டு மணி நேரத்தில்தான்; உள்ளூர்க் குடும்பங்கள் அரும்பாடுபட்டுப் பிள்ளைகளை எழுப்பும் வேளையில், இந்தியாவிலிருந்து வந்த குழந்தை குளித்து, உண்டு, தெளிவாக நிற்கும். ஆகவே அந்த நாட்களில் வாயில் திறக்குமுன் சென்று, நண்பகலுக்குள் விடுதி திரும்பிவிட வேண்டும். இரவுக் காட்சிகளைப் பயணத்தின் கடைசி நாட்களுக்குத் தள்ளிவைக்க வேண்டும். வந்து இறங்கிய மறுநாளே பூங்காவுக்குச் செல்வதை மட்டும் தவிர்த்து, அந்த நாளை நீச்சல் குளத்துக்கும் உறக்கத்துக்கும் ஒதுக்குவது உகந்தது.

தங்குமிடமும் போக்குவரத்தும்

பகல் உறக்கத்துக்காக விடுதிக்குத் திரும்பிவர முடியுமா என்பதே சிறு குழந்தையுள்ள குடும்பம் தங்குமிடத்தைத் தேர்ந்தெடுக்கும் முதல் அளவுகோல். பூங்கா வளாகத்துக்குள் இருக்கும் டிஸ்னி விடுதிகள் விலை கூடியவை. ஆனால் அங்கிருந்து இலவசப் பேருந்து நேரே பூங்கா வாயிலுக்குச் செல்கிறது, பொது நேரத்துக்கு அரை மணி முன்னதாக உள்ளே நுழையும் உரிமையும் கிடைக்கிறது. வெளியே கிஸ்ஸிம்மி, டேவன்போர்ட் பகுதிகளில் வாடகைக்குக் கிடைக்கும் தனி வீடுகளில் சமையலறையும் துணி துவைக்கும் இயந்திரமும் இருப்பதால், தாத்தா பாட்டியோடு செல்லும் பெரிய குடும்பத்துக்கு அவையே வசதி. ஆயினும் அங்கிருந்து நண்பகலில் திரும்பி மாலையில் மறுபடி செல்வது, வண்டியோட்டுபவரைக் களைக்கச் செய்யும் வேலை.

மேஜிக் கிங்டத்துக்குச் செல்வதில் ஒரு சிறப்புச் சிக்கல் உண்டு. காரில் வருபவர்கள் பூங்கா வாயிலருகே நிறுத்த முடியாது; செயற்கை ஏரி ஒன்றின் மறுகரையில் உள்ள நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டு, மோனோரயில் எனப்படும் ஒற்றைத் தண்டவாள ரயிலிலோ படகிலோ ஏரியைக் கடக்க வேண்டும். காரை விட்டு இறங்கியதிலிருந்து வாயிலைத் தொடும்வரை முக்கால் மணி நேரம் ஒதுக்குவது நடைமுறைக்கு ஏற்றது. வளாக விடுதிகளின் பேருந்துகள் இந்தச் சுற்றைத் தவிர்த்து வாயிலருகிலேயே இறக்கிவிடுகின்றன. சிறு குழந்தைகளோடு செல்பவர்களுக்கு வளாக விடுதியின் கூடுதல் விலையை நியாயப்படுத்தும் காரணங்களில் இதுவே வலுவானது. பேருந்தில் ஏறும்போது பொதுவாகத் தள்ளுவண்டியை மடக்க வேண்டியிருக்கும். அதற்கு மாறாக, 2019-இல் தொடங்கப்பட்ட ஸ்கைலைனர் என்னும் கம்பிவடத் தொட்டி வண்டியில் பெரும்பாலான தள்ளுவண்டிகளை விரித்தபடியே உருட்டி ஏற்றலாம். பாப் செஞ்சுரி, ஆர்ட் ஆஃப் அனிமேஷன் ஆகிய குறைந்த விலைப் பிரிவு விடுதிகளிலிருந்து எப்காட்டுக்கும் ஹாலிவுட் ஸ்டூடியோஸுக்கும் அது செல்கிறது. இடிமழையில் அது நிற்கும் என்பதை மட்டும் நினைவில் கொள்ளவேண்டும்.

வீட்டில் தள்ளுவண்டியைக் கைவிட்டுவிட்ட நான்கு, ஐந்து வயதுக் குழந்தைக்கும் இங்கே தள்ளுவண்டி தேவைப்படும். ஒரு நாளில் பல கிலோமீட்டர் நடக்க நேர்கிறது. எப்காட்டில் பதினொரு நாடுகளின் அரங்குகளைச் சுற்றி வரும் ஏரிக்கரைப் பாதை மட்டுமே ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர். அகலம் 79 சென்டிமீட்டரும் நீளம் 132 சென்டிமீட்டரும் மிகாத வண்டிகளுக்கு மட்டுமே அனுமதி உண்டு. இழுத்துச் செல்லும் பெட்டி வண்டிகளுக்கு இல்லை. பூங்காவில் வாடகைக்குக் கிடைப்பவை கடினமான பிளாஸ்டிக் வண்டிகள். அவற்றில் கைக்குழந்தை படுத்து உறங்க முடியாது. சவாரிகளுக்கு வெளியே வண்டிகளை வரிசையாக நிறுத்தும் இடங்களில் ஊழியர்கள் அவற்றை நகர்த்தி ஒழுங்குபடுத்துவதால், கைப்பிடியில் பளிச்சென்ற நிறத் துணி ஒன்றைக் கட்டிவைத்தால் தேடும் வேலை குறையும். பணம், கடவுச்சீட்டு, மருந்து ஆகியவற்றை வண்டியில் விட்டுச் செல்லக்கூடாது.

வாடகைக் காரில் செல்பவர்கள், ஐந்து வயதும் அதற்குட்பட்டும் உள்ள குழந்தையை அதன் வயதுக்குரிய பாதுகாப்பு இருக்கையில் அமர்த்தவேண்டும் என்ற புளோரிடாச் சட்டத்தை அறிந்திருக்க வேண்டும். மடியில் வைத்துக்கொண்டு பயணம் செய்யும் வழக்கம் அங்கே குற்றம் என்பதைவிட, விரைவுச்சாலை வேகத்தில் பெற்றோரின் கை எந்தக் குழந்தையையும் பிடித்து வைக்காது என்பதே முதன்மையான காரணம்.

ஒரு நாளின் அமைப்பு

காலை, உறக்கம், மாலை என்ற மூன்று பகுதிகளாக நாளைப் பிரித்துக்கொள்வது எல்லாத் திட்டங்களிலும் உறுதியாகப் பலன் தருவது. வாயில் திறக்கும் நேரத்தில் நுழைவதை ரோப் டிராப் என்பர். முற்காலத்தில் கூட்டத்தை ஒரு கயிற்றால் தடுத்துவைத்து, நேரம் வந்ததும் அதைத் தாழ்த்தி வழிவிட்டதால் வந்த பெயர் இது. அந்த வேளையில் நுழைந்து, வரிசை நீளும் சவாரிகளை முதலில் முடித்துவிட்டு, பதினொன்றரை மணி அளவில் உண்டு, வெயில் ஏறுமுன் வெளியேறி, விடுதியில் உறங்கி, மழை ஓய்ந்த பிறகு விருப்பம் இருந்தால் மட்டும் மாலையில் திரும்பலாம். பணம் கட்டிய நாளின் நடுவே மூன்று மணி நேரத்தை உறக்கத்துக்குக் கொடுப்பது வீண் என்று தோன்றும். உறங்காத குழந்தையோடு கழியும் பிற்பகல் யாருக்கும் இன்பம் தருவதில்லை என்பதால், விலை கொடுத்த நேரத்தில் உண்மையில் வீணாவது அந்தப் பிற்பகல்தான்.

வரிசையின் நீளம் சவாரியின் சிறப்பைக் காட்டுவதில்லை. ஒரு மணி நேரத்தில் அது எத்தனை பேரை ஏற்றி இறக்குகிறது என்பதையே பெரிதும் சார்ந்திருக்கிறது. 1964-ஆம் ஆண்டின் நியூயார்க் உலகப் பொருட்காட்சிக்காக முதலில் உருவாக்கப்பட்ட இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்டு என்னும் படகுச்சவாரியில் பெரிய படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்துகொண்டே இருப்பதால் கூட்டம் விரைவில் கரைந்துவிடும். அதற்கு எதிரே உள்ள பீட்டர் பேன் சவாரியிலோ சிறு கப்பல் ஒவ்வொன்றிலும் இரண்டு, மூன்று பேரே அமர முடியும். அதனால் சில நிமிடச் சவாரிக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் நிற்க நேரலாம். ஆகவே மேஜிக் கிங்டத்தின் முதல் அரைமணியில் பீட்டர் பேனை முடித்துவிட்டு, படகுச்சவாரியைக் கூட்டம் மிகுந்த, வெயில் சுடும் நேரத்துக்கு வைத்துக்கொள்வது அறிவுடைமை. பறக்கும் யானை டம்போவின் வரிசையில் குளிரூட்டப்பட்ட விளையாட்டிடம் ஒன்று இருப்பதால், அங்கே காத்திருப்பதே குழந்தைக்கு ஓய்வாக அமைவதுண்டு. அனிமல் கிங்டத்தில் திறந்த வண்டியில் ஏறிச் சென்று ஒட்டகச்சிவிங்கிகளையும் யானைகளையும் சிங்கங்களையும் காணும் கிளிமஞ்சாரோ சஃபாரிக்கு உயர வரம்பு இல்லை. விலங்குகள் சுறுசுறுப்பாக இருக்கும் காலை வேளையே அதற்கு ஏற்றது. நான்கு பூங்காக்களில் இரண்டைத்தான் பார்க்க முடியும் என்ற நிலையில், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மேஜிக் கிங்டமும் அனிமல் கிங்டமும் போதும். எப்காட்டில் நீமோ மீனின் பெயரிலுள்ள மாபெரும் மீன்காட்சியகமும் எலி சமையற்காரன் ரெமியின் சவாரியும் சிறுவர்க்கு உகந்தவை என்றாலும், நடக்கும் தொலைவு மிகுதி. ஹாலிவுட் ஸ்டூடியோஸின் புகழ்பெற்ற சவாரிகளில் பெரும்பாலானவை உயரம் எட்டியவர்களுக்கு உரியவை.

வரிசையைச் சுருக்க விலைக்குக் கிடைக்கும் வழியின் பெயர் லைட்னிங் லேன். மல்டி பாஸ் என்ற வகையில் ஒரே பூங்காவின் மூன்று சவாரிகளுக்கு முன்கூட்டியே நேரம் குறித்துக்கொள்ளலாம். தேவை மிகுந்த ஓரிரு சவாரிகளுக்கு மட்டும் சிங்கிள் பாஸ் எனத் தனி விலை. டிஸ்னி விடுதியில் தங்குபவர்கள் ஏழு நாட்களுக்கு முன்பும், மற்றவர்கள் மூன்று நாட்களுக்கு முன்பும், புளோரிடா நேரம் காலை ஏழு மணிக்குச் செயலியில் இதை வாங்கலாம். அது இந்திய நேரப்படி கோடையில் மாலை நாலரை, குளிர்காலத்தில் ஐந்தரை. மேஜிக் கிங்டத்துக்குக் கூட்டம் மிகுந்த நாளில் இதை வாங்குவது பயனுடையது. உயர வரம்பற்ற சவாரிகளை மட்டும் நாடும் குடும்பத்துக்கு அனிமல் கிங்டத்தில் இது பெரும்பாலும் தேவைப்படாது.

தொடர்ச்சியாக இரண்டு நாட்களுக்கு மேல் பூங்காவுக்குச் செல்லாமல், மூன்றாம் நாளை ஓய்வுக்கு விடுவது வழக்கமாக வேண்டும். ஓய்வு நாளில் இன்னொரு பூங்காவை நுழைப்பது ஓய்வாகாது. இன்னும் சிறியதும் அமைதியானதுமான இடத்தை நாடுபவர்கள், ஒர்லாண்டோவிலிருந்து தென்மேற்கே விண்டர் ஹேவனில் 2011 முதல் இயங்கும் லெகோலேண்டையும், அதன் அருகே 2022-இல் திறக்கப்பட்ட பெப்பா பிக் பூங்காவையும் டிஸ்னிக்கு மாற்றாகவே எண்ணிப்பார்க்கலாம். மூன்று வயதுக் குழந்தைக்குப் பெப்பா பிக் பூங்காவின் அளவு மிகப் பொருத்தமானது.

அச்சம்

விளம்பரப் படங்களில் எல்லாக் குழந்தைகளும் சிரிப்பதால், அழும் குழந்தையிடம் ஏதோ குறை இருப்பதாகப் பெற்றோர் எண்ணிவிடுகின்றனர். உயர வரம்பு இல்லை என்பதற்கு அச்சமூட்டாது என்று பொருளில்லை. மேஜிக் கிங்டம் திறந்த நாளிலிருந்து இயங்கிய ஸ்நோ ஒயிட் சவாரி இதற்குச் சான்று: பயணியே ஸ்நோ ஒயிட்டின் இடத்தில் இருப்பதாகக் கருதி அமைக்கப்பட்டதால், இளவரசியின் உருவம் காட்டப்படாமல் சூனியக்காரி மட்டும் திரும்பத் திரும்ப எதிரில் வந்தாள், இளவரசியைக் காண ஆசையோடு ஏறிய சிறுவர்கள் அலறினர். 1994-இல் இளவரசியின் உருவங்களைச் சேர்த்து அதை மென்மையாக்கினர். 2012-இல் சவாரியே மூடப்பட்டது. தொழிலில் தேர்ந்தவர்களே குழந்தையின் அச்சத்தைத் தவறாகக் கணித்திருக்க, பெற்றோர் குழந்தையின் சொல்லையே கடைசிச் சொல்லாகக் கொள்வதுதான் முறை. கரீபியன் கடற்கொள்ளையர் சவாரியில் இருளும் சிறு சறுக்கலும் உண்டு. பேய் மாளிகையில் தொடக்க அறையிலேயே விளக்குகள் அணைந்து இடி முழங்கும். சவாரிகளின் காணொளியை வீட்டில் ஒருமுறை காட்டிவிட்டு, “ஏறலாமா, வேண்டாமா” என்று கேட்டுவிடுவது போதுமான சோதனை. வரிசையின் முடிவில் மனம் மாறினாலும் இறங்கிச் செல்லும் வழி ஒவ்வொரு சவாரியிலும் உள்ளது. அதைக் கேட்கத் தயங்கக்கூடாது.

முகமூடி அணிந்த பெரிய உருவங்களான மிக்கியும் கூஃபியும் பேசுவதில்லை; திரையில் உள்ளங்கை அளவில் பார்த்த எலி நேரில் பெரியவர் உயரத்தில் நிற்பது பல குழந்தைகளை மிரட்டுகிறது. முதல் நாளில் தொலைவிலிருந்து கையசைக்க மட்டும் விடுவதும், புகைப்படத்துக்காகக் குழந்தையை அதன் கையில் திணிக்காமல் இருப்பதும் நலம். வாணவேடிக்கையின் ஓசையைத் தாங்காத குழந்தைக்குக் காதுமூடி வேண்டும், அல்லது ஏரியின் மறுகரை விடுதிகளிலிருந்து காணலாம். எதிர்பாராத அச்சம் ஒன்று கழிப்பறையில் காத்திருக்கிறது: தானாகவே நீரை இறைக்கும் கருவியின் உணரி, சிறு உடலைச் சரியாக உணராமல் குழந்தை அமர்ந்திருக்கும்போதே பேரோசையோடு இயங்கிவிடும். ஒட்டும் குறிப்புத்தாள் ஒன்றை உணரியின் மேல் ஒட்டினால் அது நடக்காது. அண்மையில்தான் டயபரை விட்ட குழந்தை இந்த ஒரு காரணத்தால் பழைய நிலைக்குத் திரும்புவதுண்டு என்பதால், பையில் அந்தத் தாள்கட்டு கட்டாயம் இருக்கவேண்டும்.

உணவு

வெளியிலிருந்து உணவு கொண்டுவரப் பூங்காக்கள் அனுமதிக்கின்றன. கண்ணாடிப் பாத்திரமும் மதுவும் மட்டும் கூடாது. இட்லிப்பொடி தடவிய இட்லி, சப்பாத்திச் சுருள், எலுமிச்சைச் சோறு ஆகியவை காலை வேளைக்குத் தாங்கும். தயிர்ச்சோறு அந்த வெயிலில் குளிர்பை இல்லாமல் தாங்காது. பெரும்பாலான விரைவு உணவகங்களில் பனிக்கட்டி நீரைக் கேட்டால் விலையின்றித் தருவார்கள். உணவு ஒவ்வாமையோ சைவப் பழக்கமோ உள்ளவர்கள் மேசை உணவகங்களில் தெரிவித்தால் சமையலர்கள் மாற்று உணவு தர முயல்வர். அனிமல் கிங்டம் விடுதியிலுள்ள சனா உணவகம் இந்தியச் சுவையோடு சேர்ந்த ஆப்பிரிக்க உணவைப் பரிமாறுவது. நானும் பலவகைத் தொடுகறிகளும் அங்கே கிடைக்கும், சாளரத்துக்கு வெளியே வரிக்குதிரைகளும் மேயும். அதற்கு அறுபது நாட்களுக்கு முன்பிருந்தே இடம் பதிவு செய்யலாம்.

கைக்குழந்தை உள்ளவர்கள் நான்கு பூங்காக்களிலும் உள்ள குழந்தைப் பராமரிப்பு நிலையத்தை முதல் மணி நேரத்திலேயே அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். தாய்ப்பால் ஊட்டத் தனியறை, உணவைச் சூடாக்க மைக்ரோவேவ், உயர்ந்த நாற்காலி, டயபர் மாற்றும் மேசை ஆகியவை அங்கே கட்டணமின்றி உள்ளன. டயபரும் பால்மாவும் விலைக்குக் கிடைக்கும்.

பாதுகாப்பு

கூட்டத்தில் பிரிந்துபோன குழந்தையை ஊழியர்கள் பொதுவாக அந்தக் குழந்தைப் பராமரிப்பு நிலையத்துக்கே அழைத்துச் செல்கின்றனர். பெயர்ப்பட்டை அணிந்த ஊழியர் யார் என்பதைக் குழந்தைக்கு முதலில் காட்டிவிட வேண்டும். பெற்றோரின் அலைபேசி எண்ணை அமெரிக்க எண்ணாகவோ நாட்டுக் குறியீட்டோடோ கைப்பட்டையில் எழுதிவிட வேண்டும். அன்றைய உடையில் ஒரு படத்தைக் காலையிலேயே எடுத்து வைத்தால், பதற்றத்தில் சட்டையின் நிறத்தை நினைவுகூரத் தவிக்க வேண்டியிராது. தமிழ் மட்டுமே பேசும் குழந்தையானால், கைப்பட்டையில் குழந்தையின் பெயரையும் மொழியையும் ஆங்கிலத்தில் சேர்த்து எழுதுவது அவசியம்.

பூங்காவைவிட ஆபத்து மிகுந்த இடம் தங்கும் வீடு. வாடகை வீடுகளில் பலவற்றுக்குக் கொல்லைப்புறத்தில் நீச்சல் குளம் உண்டு. சிறு குழந்தைகள் நீரில் மூழ்கி இறப்பது புளோரிடாவின் நெடுங்காலத் துயரம். வீட்டுக்குள் நுழைந்ததும், பெட்டிகளைப் பிரிப்பதற்கு முன், குளத்துக்குச் செல்லும் கதவின் தாழ்ப்பாளும் எச்சரிக்கை மணியும் வேலை செய்கின்றனவா, சுற்றுவேலி பூட்டுகிறதா என்று பார்க்கவேண்டும். குடும்பம் பெரிதாக இருக்கும்போது ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்துக்கொள்கிறார் என்று எண்ணிவிடும் வாய்ப்பு மிகுதி. ஆகவே குளத்தருகே இருக்கும் நேரத்தில் இன்னார் பொறுப்பு என்று பெயர் சொல்லி ஒப்படைத்து, அவர் கையில் அலைபேசி இல்லாதிருக்கச் செய்யவேண்டும். ஏரிகளிலும் வாய்க்கால்களிலும் அலிகேட்டர் வகை முதலைகள் இயல்பாக வாழ்கின்றன. 2016 ஜூனில் டிஸ்னி வளாக ஏரிக்கரையில் ஒரு சிறுவன் அதற்குப் பலியான பிறகு எச்சரிக்கைப் பலகைகளும் தடுப்புகளும் அமைக்கப்பட்டன. கரையோர மணல் எவ்வளவு அழகாக இருந்தாலும், மாலை மங்கியபின் குழந்தையை அதன் விளிம்புக்கு அழைத்துச் செல்லவோ, எங்கும் கால் நனைக்கவிடவோ கூடாது.

ஒவ்வொரு பூங்காவிலும் முதலுதவி நிலையம் உண்டு. சிறு காயத்துக்கும் வெயில் மயக்கத்துக்கும் அது போதும். அதற்கு மேற்பட்ட மருத்துவம் அமெரிக்காவில் மிகச் செலவுடையது என்பதால், விமானச்சீட்டு வாங்கும் அன்றே குழந்தை உட்பட ஒவ்வொருவருக்கும் பயண மருத்துவக் காப்பீடு எடுக்கவேண்டும். ஊரிலிருந்து வரும் தாத்தா பாட்டிக்கு, ஏற்கெனவே உள்ள நோய்களின் திடீர்த் தீவிரத்தையும் அது ஏற்கிறதா என்று படித்துப் பார்த்து வாங்கவேண்டும். வழக்கமாகக் கொடுக்கும் காய்ச்சல் மருந்து, உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம், மருத்துவரின் சீட்டு ஆகியவை கைப்பையில், காப்பீட்டு நிறுவனத்தின் அவசர எண்ணோடு சேர்ந்து இருக்கட்டும்.